எங்கள் ஆபீஸுக்கு ஐந்தாம் நிலை

வங்காளத்தில் இருக்கும் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு முதிர்ச்சி நிலைச் சான்று தர, இன்று சென்னையிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்திருந்தார்.

ஆளை நம்பி வேலை நடந்தால் அது முதல் நிலை. யார் இல்லாவிட்டாலும் பிசகாமல் நடந்தால் ஐந்தாம் நிலை.

மேனேஜர் சாட்சிக்கு என்னைத்தான் நிறுத்தினார். போன வாரம் முழுக்க நான் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

என் பெயரைப் பார்த்துவிட்டு மதிப்பீட்டாளர் தமிழிலேயே கேட்டார்.

"லீவுல இருந்தப்போ ஆபீஸ்லேருந்து யாராவது போன் பண்ணாங்களாம்மா?"

"ஒருத்தரும் பண்ணல சார்."

"பிரமாதம்!" என்று எழுதிக்கொண்டார். மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

அந்த வாரம் முழுக்க செல்போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அதை அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் டாக்குரியா ஸ்டேஷன் வாசலில், டீக்கடைக்காரர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வங்காள மொழியில் கேட்டார்.

"என்ன தீதி, ஆளையே காணோம்? உடம்பு சரியில்லையா?"

ஒரு டீ போதாமல் இரண்டாவதும் வாங்கிக் குடித்தேன். காய்ச்சலின் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒவ்வோர் ஆளையும் விசாரித்துக்கொண்டிருந்தால் அந்தக் கடை முதல் நிலையைத் தாண்டுவது எப்படி?

உங்கள் ஆபீஸ் எந்த நிலை?