நாத்தனார் கொடுத்த அடி

சேலம் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு மின்சார விளக்கு வந்த புதிது. விளக்குக் கம்பி போகும் இரும்புக் குழாயில் நானே ஒரு கம்பியைக் கட்டித் துணி காயப்போட்டு வந்தேன். மழை விட்ட ஒரு காலையில் ஈரப் புடவையோடு அதைத் தொட்டதும் கை ஒட்டிக்கொண்டது. குழாயில் மின்சாரம் கசிந்திருக்கிறது. கத்த நினைத்தும் சத்தம் வரவில்லை. என்னை இழுக்க என் கணவர் ஓடி வந்தார்.

"தொடாதீங்கண்ணா" என்று அவரைத் தள்ளிவிட்டு, என் நாத்தனார் காய்ந்த மூங்கில் கழியால் என் கையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். நான் துணிக் குவியல் மேல் போய் விழுந்தேன். எங்கள் இருவருக்கும் பல மாதமாகப் பேச்சே இல்லை.

"வலிக்குதுங்களா அண்ணி?" என்று கையைத் தேய்த்துவிட்டபடி அழுதாள்.

"வலிக்குது சாமி. வலி தெரியுதே, அது போதும்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள், நானும்தான்.

வீக்கம் வடியும்வரை அவளே எனக்குச் சோறு ஊட்டினாள். எதற்காகச் சண்டை போட்டோம் என்று யோசித்துப் பார்த்தோம், இருவருக்கும் நினைவில்லை. இப்போது துணி காய்வது வேப்பமரத்தில் கட்டிய கயிற்றில். காலையில் காப்பி கலந்தால் முதல் டம்ளர் நாத்தனாருக்கு.