விபூதியைத் துடைத்துவிட்டு முருகனைத் தேடினோம்

பிறர் தலையில் ஒயர் ஒட்டிப் பிழைத்தவனுக்கு எதிரிகள் இரண்டு: ஒயரை வழுக்கவிடும் தேங்காய் எண்ணெய், டாக்டர். எழுபதுகளில் டில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் இ.இ.ஜி. டெக்னீஷியன். மூளையில் ஓடும் மின்சாரத்தை எங்கள் மெஷினின் பேனாக்கள் காகிதத்தில் அலை அலையாகக் கிறுக்கும். எங்கள் டாக்டர் சாப் பஞ்சாபி. கடவுளும் அந்த அலைகளில்தான் இருக்கிறார், பிடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார். மேலதிகாரிக்கு ஒரு யோசனை உதித்தால் யார் தலை உருளும் என்று ஆபீசில் காலம் தள்ளிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சமாதி நிலை

முதலில் ஹரித்வாரிலிருந்து ஒரு சாமியாரைக் கூட்டிவந்தார். அந்த ஜடாமுடிக்குள் ஒயர் ஒட்ட இடம் தேடியே எனக்குப் பாதி நாள் போயிற்று. உள்ளே ஒரு குருவிக்கூடு இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள், அதனால் முட்டையைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

சாமியார் கண்ணை மூடினார். அலைகள் நீண்டு, அகன்று, பெருத்துக்கொண்டே போயின. "சமாதி! சமாதி!" என்று டாக்டர் சாப் என் தோளைக் குலுக்கினார். அப்போதுதான் குறட்டை கேட்டது. எழுப்பியதும் சாமியார் சொன்னார்: "பேட்டா, ஆசிரமத்தில் பக்தர்கள் தொல்லை. இங்கே ஃபேன் இருக்கிறது, கேள்வி கேட்க ஆளில்லை. நாளைக்கும் வரட்டுமா?"

பொட்டு

சரஸ்வதி பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். "விஞ்ஞானக் கருவிக்குப் பொட்டா?" என்று டாக்டர் சாப் தன் கையாலேயே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். மறுநாள் ஒரு பேனாவும் அசையவில்லை. இன்ஜினியர் கழற்றி மாட்டியும் பயனில்லை. நான்தான் ஏதோ ஒயரை உருவிவிட்டேன் என்று நர்ஸுகள் சொன்னால் நம்பாதீர்கள். மாலையில் டாக்டர் சாப் கதவைச் சாத்திவிட்டு என் காதோரம் கேட்டார்: "பையா, வோ லால்வாலா பவுடர், அந்தச் சிவப்புப் பொடி, கொஞ்சம் இருக்கிறதா?"

வடிவம்மாள்

அதற்குப் பிறகு வந்தவர்தான் ஜனக்புரி வடிவம்மாள். நெல்லைச் சீமைக்காரர், கணவர் மத்திய சர்க்கார் குமாஸ்தா. வடிவம்மாளுக்குத் திடீரென்று சந்தன வாசனை அடிக்கும். பின்னாலேயே மயில்மேல் முருகன் வருவான். அவன் போகும்வரை அந்தம்மா சிலையாக நிற்பார். கடைசியாக நின்றது நடுரோட்டில். பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தார். பயந்துபோன கணவர் கையோடு இழுத்துவந்துவிட்டார்.

நெற்றியிலும் ஒயர் ஒட்ட வேண்டுமே! பட்டை விபூதியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். அந்தம்மா சொன்னார்: "நெத்தியில இருக்கவனை அழிச்சுப்புட்டு உள்ளுக்குள்ள தேடுதியளே, அண்ணாச்சி!"

மாத்திரை

பாதியில் பேனாக்கள் தாறுமாறாகத் துள்ளின. அந்தம்மா முகத்தில் ஒரு சிரிப்பு. "மில் கயா! கிடைத்துவிட்டார்!" என்று டாக்டர் சாப்பும் துள்ளினார். "காதுக்கு மேலே, இங்கேதான் இருக்கிறார் உங்கள் முருகன். இது வலிப்பில் ஒரு வகை. மாத்திரை சாப்பிட்டால் நின்றுவிடும்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். கணவருக்குப் போன உயிர் வந்தது. அந்தம்மாவுக்கு இருந்த உயிர் போயிற்று. "மாத்திரை தின்னா அவன் வரமாட்டானா?" என்றார். அதை டாக்டர் சாப்புக்கு ஹிந்தியில் சொன்னேன். "வெறும் மூளையின் வேலை, அவ்வளவுதான் என்று சொல்" என்றார் டாக்டர் சாப். அதையும் சொன்னேன். அந்தம்மா கணவரைக் கைகாட்டினார்: "இவுகளைப் பாக்கையிலயும் இந்த மெஷினு கிறுக்கத்தானே செய்யும்? அதுக்காவ இவுக பொய்யா?"

முறை

மாத்திரை சாப்பிட்டு, சில மாதம் கழித்து வடிவம்மாள் மறுபடி வந்தார். பேனாக்கள் சமர்த்தாக ஓடின. "முருகன் வருகிறானா, கேள்" என்றார் டாக்டர் சாப். "வரலை அண்ணாச்சி" என்றார் அந்தம்மா. டாக்டர் சாப் முகத்தில் தீபாவளி. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆனால் ஒயரைக் கழற்றியதுமே அந்தம்மா நெற்றியில் முன்னைவிட அகலமாகப் பட்டை போட்டுக்கொண்டார். "அப்புறம் இது?" என்று கேட்டேன்.

"இத்தனை நாளும் அவன் என்னைத் தேடி வந்தான். இப்பம் செவ்வாய்க்குச் செவ்வாய் பஸ்ஸு புடிச்சு நான் கோயில்ல அவனைப் பாக்கப் போறேன். மொறை அதுதானே, அண்ணாச்சி?" அதையும் டாக்டர் சாப்புக்கு ஹிந்தியில் சொன்னேன்.

கடவுளைத் தேடி நாங்கள் கிறுக்கித் தீர்த்த காகிதத்தை விரித்தால் திருச்செந்தூர்வரை நீளும் என்றாலும், அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் டாக்டர் சாப் எதற்காக அரைநாள் லீவு போட்டார் என்பதை எந்தப் பேனாவும் எழுதிக் காட்டவில்லை.