பாலில் அவித்த மீன்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மீன் சாப்பிடாத ஒரு மனிதரை நியூசிலாந்தின் வடகோடிக்கு மீன் பிடிக்க அழைத்துப் போனார்கள். அந்த மனிதர் என் அப்பா.

மன்னார்க் கரையில் பிறந்தவர். மீன் இல்லாத சோற்றை நோயாளிச் சாப்பாடு என்று சொல்லி வளர்ந்தவர். ஆனால் சித்தப்பா அப்போது கொழும்பில் ஒரு லாட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்திருந்தார். தம்பி ஆக்லாந்தில் வந்து இறங்கும்வரை மீனைத் தொடுவதில்லை என்று அப்பா மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். அந்த விசாவுக்கு, அப்பாவின் வேலை நிரந்தரமானது என்று அவருடைய ஃபோர்மன் ஒரு கடிதம் தரவேண்டும். ஃபோர்மனோ நல்ல மனிதர். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு என் மீன்பிடிக் குடிலுக்கு வா, திரும்பி வந்ததும் எழுதித் தருகிறேன் என்றுவிட்டார்.

ஆக்லாந்தில் எங்கள் வீடு இருந்த மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் கல் ரோட்டு. நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்; பயணத்துக்கு என்னுடைய பங்களிப்பு அவ்வளவுதான். ஒரு தகரக் கூரைக் குடில், ஒரு மழைத்தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்னப் படகு. மிச்சமெல்லாம் கடலும் புதர்க்காடும். டீவி இல்லாததைப் பெற்றோர் எனக்குச் செய்த துரோகமாக எடுத்துக்கொண்டேன்.

அப்பாவின் போதாத காலம், மீன்கள் அவரைத் தேடிக்கொண்டு வந்தன. ஃபோர்மன் ஒன்று பிடிப்பதற்குள் அப்பா நாலு ஸ்னாப்பர் பிடித்துவிடுவார். எங்கள் விளைமீனுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் அது. ஃபோர்மன் சதையைச் சீவி எடுத்துக்கொண்டு தலையைக் கடற்பறவைகளுக்கு எறிந்தார். இரண்டாவது தலை பறந்தபோது அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

“இஞ்சேருங்கோ, உந்தத் தலையளை எறியவேண்டாமெண்டு அந்த மனிசனிட்டச் சொல்லுங்கோ.”

அன்று மாலை அம்மாவும் நானும் தலைக்கறியை உறிஞ்சி முடித்தோம். அப்பா பருப்பும் சோறும் சாப்பிட்டபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ ஏன் மீன் எடுக்கவில்லை என்று ஃபோர்மன் கேட்டதற்கு, முதல் நாள் வயிறு சரியில்லை என்றார். இரண்டாம் நாள் பல்வலி என்றார். உள்ளதைச் சொல்லிவிடலாமே என்றார் அம்மா.

“தம்பிக்காண்டி மீனை விட்டிருக்கிறன் எண்டு சொன்னால், கடிதத்தை இப்பவே தா எண்டு கேக்கிற மாதிரியெல்லோ இருக்கும்?” என்றார் அப்பா.

பொய்யில் உள்ள சிக்கல், சிலர் அதை நம்பிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஃபோர்மன் பல்வலிக்காரருக்கென்று ஒரு ஸ்னாப்பரைப் பாலில் அவித்துக் கொண்டுவந்தார். உப்பில்லை, தூளில்லை. ஆனால் குனிந்த தலை நிமிராமல் ஒரு மணி நேரம் இருந்து முள்ளெல்லாம் பிடுங்கியிருந்தார். கிண்ணத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அப்பாவின் வாயையே பார்த்தார். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்.

அப்பா ஒரு கரண்டி எடுத்தார். பிறகு இன்னொன்று. கிண்ணம் காலியாகும்வரை நிறுத்தவில்லை. மிக நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஃபோர்மன் எழுந்து போனதும் என் பக்கம் திரும்பினார்.

“அம்மாட்டச் சொல்லாதை, என்ன?”

“ஓம்” என்றேன். எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள் ஓம் என்றபோதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். சித்தப்பாவின் விசாவை அப்பா சாப்பிட்டுவிட்டார் என்பது என் முடிவு. தண்ணீர்த் தொட்டியடிக்கு ஓடி, அழுதபடி எல்லாவற்றையும் கொட்டினேன். வாளி நிரம்பியதும் அம்மா குழாயை மூடினார்.

“பாலிலயோ அவிச்சவர்?” என்று கேட்டார். பிறகு, “பாவம் மனிசன்” என்றார். எந்த மனிதரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. “நீ சொன்னதெண்டு அப்பாக்குத் தெரியவேண்டாம்.”

அன்று மாலை தலைக்கறி எனக்கு மட்டும்தான். மீன் மணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவும் பருப்புக்கு மாறிவிட்டார். வீட்டுக்கு வந்தபிறகும் அந்த மணம் மாதக்கணக்கில் ஒத்துக்கொள்ளவில்லை. பாலில் அவித்த கதையைக் கேட்டு அருவருத்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு அதில் வருத்தமில்லை. வீட்டுக்கு வந்த தலையெல்லாம் எனக்கே.

ஃபோர்மன் சொன்னபடி கடிதம் தந்தார். அடுத்த வருடம் சித்தப்பா வந்தார். அவரை விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்த மத்தியானம் வீட்டில் மீன் குழம்பு. அம்மா சித்தப்பாவுக்குப் போட்டார், அப்பாவுக்குப் போட்டார். பிறகு, நான் எனக்கென்று கண்வைத்திருந்த பெரிய தலையை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு மணம் ஒத்துக்கொள்ளாதே” என்றேன்.

“இண்டைக்கு ஒத்துக்கொள்ளும், பிள்ளை.”

சித்தப்பா குழம்பைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அப்பா அத்தனை மாதம் காத்திருந்த மீனில் கைவைக்காமல், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, உறைப்புக் கூடிப்போயிற்று என்று நினைத்தேன். தலை பறிபோன கோபத்தில், எனக்கு மீனே வேண்டாம் என்று சொல்லிப் பருப்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.