மஞ்சள் துணியும் ஒரு நாள் வெயிலும்

இந்த வருஷம் சித்திரையில் என் வலது கை ஒடிந்தது. சோப்புத் தண்ணீர் கிடந்த இடத்தில் கால் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். துணி துவைத்துச் சாப்பிடுகிறவளுக்குக் கை இல்லையென்றால் என்ன இருக்கிறது? இனி போதும், என்னைக் கூட்டிக்கொள் என்றுகூட அம்மனிடம் சொன்னேன். அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நம் தமிழ்ச் சனம் கொஞ்சப் பேர் இந்தச் சலவைத் துறையில்தான் பிழைக்கிறோம். குடும்பத்துக்கு ஒரு தொட்டி, ஒரு கல். என் வீட்டுக்காரர் போய் இருபத்தாறு வருஷம். அன்று முதல் எங்கள் கல்லில் நான் ஒருத்திதான். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது அந்தக் கல். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கொஞ்சம் கர்வம் வரும், மறைப்பானேன்.

இங்கே துணி காயப்போடக் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகுவோம். முறுக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். நான் ஒரு முனையைத் தூணில் கட்டிவிட்டுத் தனியாக முறுக்குவேன். மத்தியானத்துக்குள் தளர்ந்துவிடும். மறுபடியும் முறுக்குவேன். யாரையும் கூப்பிட்டதில்லை.

பக்கத்துக் கல் பாக்கியத்துடையது. என்னைவிட வயதில் இளையவள். போன மழைக்காலத்தில் என் மூட்டைக்கு ஒரு கை கொடுக்க வந்தாள். "வைடி கீழ. உன் கை பட்டா அது என் துணியில்ல, உன் துணி" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

கை ஒடிந்த வாரம் என்னிடம் இருபத்திரண்டு வெள்ளை உடுப்பு இருந்தது. பக்கத்துச் சர்ச்சில் சின்னப் பிள்ளைகள் முதல் முதலாக நன்மை, அதாவது பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பம், வாங்குகிற நாளில் போடுவது. வேதபாடம் சொல்லிக்கொடுக்கிற சிஸ்டர் வருஷாவருஷம் என்னிடம்தான் கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

நான் ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து, கட்டுப் போட்ட கையைத் தொங்கவிட்டிருந்த துணிக்குள் செருகிக்கொண்டேன். மாரியம்மா, என் கையைச் சீக்கிரம் எனக்குக் கொடு, இன்னொருத்தர் கை எனக்கு வேண்டாம் என்று வேண்டினேன். இப்படித்தான் வேண்டினேன்.

வியாழக்கிழமை காலையில் இடது கையால் உடுப்புகளைச் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் தண்ணீர் சிவப்பாகக் கிடந்தது. ரத்தமோ என்று முதலில் என் கையைப் பார்த்தேன். பிறகு கையை விட்டுத் துழாவினேன். அடியில் என் மஞ்சள் முடிப்பு கிடந்தது. குனிந்தபோது விழுந்திருக்கிறது. மஞ்சளில் சோடா பட்டால் சிவக்கும் என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். என் நேர்ச்சையே என் வேலையைக் கெடுத்துவிட்டது.

எலுமிச்சம்பழம் பிழிந்து நல்ல தண்ணீரில் அலசினேன். சிவப்பு போய் மஞ்சளாக நின்றது. மஞ்சளுக்கு மருந்து வெயில்தான். ஆனால் மூன்று நாளாக வானம் மூடிக் கிடந்தது. கல்லில் உட்கார்ந்து அழுதேன். வெயிலைக் கொடு தாயே, வேறொன்றும் கேட்கமாட்டேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெயில் அடித்தது.

ஒரு உடுப்பைப் பல்லால் கடித்து, இடது கையால் உதறி, புல்லில் விரித்தேன். இரண்டாவதை எடுப்பதற்குள் முதலாவது காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் காயக் கூடாது. தெளித்துத் தெளித்து, புரட்டிப் புரட்டிப் போட்டால்தான் கறை போகும். அந்தப் பக்கம் மழைமேகம் ஒன்று வேறு நின்றது. கேட்ட வெயிலை அம்மன் கொடுத்துவிட்டாள். அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கை இல்லை.

கையிலிருந்த உடுப்பைத் தொட்டியிலேயே போட்டேன். பிறகு, "பாக்கியம்" என்று கூப்பிட்டேன்.

அவள் வந்து தொட்டிக்குள் பார்த்தாள். "என்னக்கா இது, பிள்ளைங்களுக்குச் சடங்கு சுத்தப் போறியா? மஞ்சத்தண்ணி ஊத்தி வெச்சிருக்கே."

"கேலி பண்ணாத. ஒரு கை குடு."

"என் கை பட்டா என் துணியாயிடுமே. பரவால்லியா?"

தொட்டியிலிருந்து ஒரு உடுப்பை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன். "பரவால்ல" என்றேன்.

அவள் சேலையை வரிந்து கட்டினாள். தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "சாயா அப்புறம் குடிக்கலாம், வாங்க இங்க" என்று சத்தம் போட்டாள். இரண்டு பேரும் இருபத்திரண்டையும் விரித்தார்கள். இரண்டு தடவை தூறல் போட்டது. இரண்டு தடவையும் ஓடி ஓடி அள்ளி, மறுபடி விரித்தார்கள். எனக்கு ஒரு செம்பைக் கொடுத்துத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். அன்று நான் செய்தது அவ்வளவுதான். வெயில் தாழும்போது துணி வெளுத்திருந்தது. சனிக்கிழமை கஞ்சி போட்டு, தேய்த்து, மடித்ததும் அவள்தான்.

சாயங்காலம் சிஸ்டர் வந்தார். "ஒடிஞ்ச கையோட இத்ர வெளுப்பா? வள்ளியம்மே, உங்க கை தனிதான்" என்று பாதி மலையாளத்தில் சொன்னார்.

எனக்கு அது இனித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு என்னோடு நின்றிருக்கும். பாக்கியம் நிமிராமல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"என் கை இல்ல சிஸ்டர். நான் மஞ்சளாக்கினேன். வெளுத்தது இவளும் இவ வீட்டுக்காரரும்."

என் பேர் அன்றோடு போயிற்று என்று நினைத்தேன். சிஸ்டர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். "அப்ப அடுத்த வருஷம் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டுப் போறேன்" என்று மூட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். நான் துவைத்த இருபத்தாறு வருஷம் எங்கேயும் போய்விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பாக்கியத்தோடு மாரியம்மன் கோயிலுக்குக் காணிக்கை செலுத்தப் போனேன். வலது கையில் கட்டு. இடது கையால் அம்மனுக்குப் போடலாமா? உண்டியல் முன்னால் முழித்துக்கொண்டு நின்றேன். "குடு அக்கா, நான் போடறேன். இல்ல, இதுக்கும் உன் கைதான் வேணுமா?" என்றாள் பாக்கியம். "போடுடி" என்று முடிப்பைக் கொடுத்தேன். அவள் போடும்போது கட்டுக்கு வெளியே நீண்டிருந்த என் விரல் நுனிகளால் அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டேன்.

இப்போது கட்டு எடுத்தாகிவிட்டது. மணிக்கட்டு முழுசாக மடங்காது. மத்தியானத்துக்குமேல் வலிக்கும், உட்கார்ந்துவிடுவேன். காலையில் கயிற்றின் மறுமுனையைப் பாக்கியம் பிடிக்கிறாள். சாயங்காலம் வரை தளருவதில்லை.

அம்மனை நம்பி இருக்கிறவர்களே, என்னைப் போல் வேண்டாதீர்கள். கொடு என்று மட்டும் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பாள். யார் கையில் கொடுத்தனுப்புகிறாள் என்று பார்த்து வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள்.