அகழியில் தேசம்மா அக்கா கண்டுபிடித்த பூச்சி

தேசம்மா அக்கா இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள். நாலு நாள் காய்ச்சலாம்... ஆட்டோ வாசலுக்கு வந்து நின்றபோது உயிர் இல்லையாம்.

இதைப் படிக்கிற பல பேருக்கு அக்காவைத் தெரியாது. பழவேற்காடு ஏரியில் வலை போடாமல் கையால் தடவியே இறால் பிடிப்பவர். கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்து வரைக்கும் தண்ணீரில் தவழ்ந்து போவார்.

சோகமாக எழுத எனக்கு வரவில்லை. அக்கா ஜெயித்த கதையை எழுதுகிறேன்.

காலேஜை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு நான் சுற்றிக்கொண்டிருந்த நேரம். தண்ணீர்ப் பூச்சிகளை சர்வே செய்ய வந்த ஒரு மேடத்திடம் ஃபீல்டு வேலைக்குச் சேர்ந்தேன். அக்காவுக்கும் அங்கே தினக்கூலி. இன்னொருத்தன் மீஞ்சூர்க்காரன், எம்.எஸ்சி. முடித்தவன்.

டச்சுக்காரன் கோட்டை இடிந்து முள்காடாகக் கிடக்கிறதே, அதன் அகழியில் மழைத்தண்ணீர் தேங்கும். அங்கே கேடிஸ்ஃப்ளை புழு நிறைய. சின்னப் புழு. எச்சில் மாதிரி ஒரு பசையால் மணலையும் குப்பையையும் ஒட்டி, தனக்கென்று ஒரு உறை கட்டி அதற்குள் வாழும். பெரிதானால் ரெக்கை முளைத்துப் பறந்துவிடும்.

அகழியில் இறங்கிய முதல் நாளே அக்கா ஒரு உறையை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, இது வேற ஜாதி என்றார். மற்ற குட்டைகளில் எடுத்ததெல்லாம் கைக்கு வழவழவென்று இருந்ததாம். இது நறநறவென்று இருக்கிறதாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால்... உறை முழுக்க சிவப்புப் பொடி. கோட்டைச் செங்கல் கரைந்து விழுந்த பொடியைப் பொறுக்கி ஒட்டியிருக்கிறது.

மீஞ்சூர்க்காரன் சிரித்தான். செங்கல் கிடந்தால் எந்தப் பூச்சியும் செங்கல்தான் ஒட்டும் என்றான். அதோடு விட்டிருக்கலாம்.

"கூடை தூக்குறவங்க சொல்றதெல்லாம் சயின்ஸ் ஆயிடுமா?"

அக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டார். "இன்னா பண்ணா இது புச்சு ஜாதின்னு ஒத்துப்பாங்கோ?"

சொன்னேன். புழுவை வைத்து எதுவும் பேச முடியாது. ரெக்கை முளைத்த ஆண் பூச்சி வேண்டும், அதன் வால் பக்கத்து உறுப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் புது இனமா பழசா என்று முடிவு செய்வார்கள்.

பறக்கிறதைப் பிடிக்க ராத்திரியில் லைட் கட்டிப் பார்த்தோம். ஊரில் இருக்கிற பூச்சியெல்லாம் வந்தது, இது வரவில்லை. புழு வாளியில் பிழைக்காது. மிச்சம் ஒரே வழி... ரெக்கை முளைக்கப்போகிற கூட்டுப்புழுவை எடுத்து வந்து வளர்ப்பது. மூன்று வாரம் அக்கா அகழியைத் தடவினார். வாளியில் வந்ததெல்லாம் புழுதான். கூட்டுப்புழு ஒன்றுகூட இல்லை. வெயிலில் அகழி நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. வெள்ளிக்கிழமையோடு மூட்டை கட்டிவிடலாம் என்று மேடம் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை கரையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தோம். கூட்டுப்புழு எப்படித்தான் இருக்கும் என்று அக்கா கேட்டார். அதே உறைதான்க்கா, ரெண்டு பக்கமும் வாயை அடைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் கிடக்கும் என்றேன்.

அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அட பேமானி... அத்த தானடா நா தெனிக்கும் தூக்கி கடாசினு கீறேன்."

விஷயம் இதுதான். கையால் பிடிப்பவர்களுக்கு, தொட்டால் அசையாதது செத்தது. செத்ததைக் கூடையில் போட்டால் உயிரோடு இருப்பதும் கெட்டுவிடும். அதனால் கை பட்ட உடனே வீசிவிடுவார்கள். மூன்று வாரமாக அக்கா கூட்டுப்புழுவை எல்லாம் பிணம் என்று வீசியிருக்கிறார். மூணு வாரம்! புழு என்று மட்டும் சொன்ன எங்களை எதால் அடிப்பது?

அக்கா எழுந்து புடவையை இழுத்துச் செருகினார்.

செத்ததைக் கண்ட பக்கம் வீச மாட்டார்களாம். வீசினால் மறுபடி அதுவே கைக்கு வரும், நேரம் வீண். எப்போதும் ஒரே மூலைக்குத்தான். அகழியில் அந்த மூலை, உடைந்த சுவர் ஓரம், நாள் முழுக்க நிழல். மற்ற இடமெல்லாம் சேறாகியிருந்தது, அங்கே மட்டும் முழங்கால் தண்ணீர்.

இறங்கினார். இரண்டு கையையும் விட்டு அள்ளினார். சிவப்பு உறை... குவியல் குவியலாக. ஒரு ஆள் தேடித் தேடிப் பொறுக்கி, ஒரே இடத்தில் நிழலில் சேர்த்து வைத்த மாதிரி.

அகழித் தண்ணீரையே வாளியில் ஊற்றி, மேலே கொசுவலை கட்டினோம். ஒன்பதாவது நாள் காலை வலையில் பழுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அப்புறம் நாலு. அப்புறம் எண்ணவில்லை.

மேடம் மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில் நிமிர்ந்து, "புதுசு" என்றார். அவ்வளவுதான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஒவ்வொரு பூச்சிக்கும் சேகரித்தவர் பெயரோடு லேபிள் எழுத வேண்டும். நல்ல கையெழுத்து மீஞ்சூர்க்காரனுக்குத்தான். அக்கா பக்கத்திலேயே நின்றார்.

"எழுது நைனா. தேசம்மா. எல்லாத்துலயும்."

எழுதினான். முடித்துவிட்டு, "சாரிக்கா" என்றான். அக்கா அடுத்த லேபிளை அவன் பக்கம் தள்ளினார்.

போன மாசம் மேடத்தின் ஆராய்ச்சிப் பேப்பர் வந்துவிட்டது. பூச்சியின் லத்தீன் பெயரில் பாதி அக்கா பெயர். பிரின்ட் எடுத்துப்போய்க் கொடுத்தேன். பேருக்கு நேரே விரல் வைத்து, மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்கு நண்டுக் குழம்பு.

இன்று மாலை நாலு மணிக்கு எடுக்கிறார்கள். கோட்டைக்குப்பம் ஸ்டாப்பில் இறங்கி தேசம்மா வீடு என்று கேளுங்கள், காட்டுவார்கள். மேடம் கிளம்பிவிட்டார். மீஞ்சூர்க்காரன் எனக்கு முன்னாலேயே போய்ப் பந்தல் கட்டிக்கொண்டிருக்கிறான்.

ஜெயிச்சுட்டுதான் போற அக்கா... ஜோரா போ.