சிங்கராயரின் பையில் ஒன்றுமில்லை

எலிகளுக்கு மட்டும் ஓட்டுரிமை இருந்திருந்தால் சிங்கராயரைத் தாராவியை விட்டே துரத்தியிருக்கும். குர்லா குடோன்களில் எலிமருந்து வைத்தே காலத்தை ஓட்டியவர். ஒரு கம்பெனி அவரை எலி ஒழிக்கத் தீவுக்குக் கூப்பிட்டபோது எங்கள் சந்தே ஆடிப்போனது.

"இங்க உள்ள எலியெல்லாம் தீந்து போச்சாக்கும்?" என்று கேட்டாள் அவர் மனைவி ரோசம்மா.

விஷயம் இதுதான். நடுக்கடலில் தன்னந்தனியாகக் கிடக்கும் தீவு. பூனை, கீரி எதுவும் தானாகப் போய்ச் சேர முடியாத தூரம். அதனால் அங்குள்ள பறவை பயமென்பதே தெரியாமல், பறப்பதையும் விட்டுவிட்டு, தரையில் முட்டையிட்டு வாழ்கிறது. வேறெங்கும் இல்லாத நத்தை, ஓடையில் அந்த ஊருக்கென்றே ஒரு இறால், ஒரு பச்சைப் பல்லி. எப்போதோ கப்பலில் வந்திறங்கிய எலிகள் இப்போது முட்டை, நத்தை என்று விருந்து சாப்பிடுகின்றன.

சிங்கராயர் ஜுஹூ கடலில் முழங்காலளவு இறங்கியதோடு சரி. கப்பல் ஏற வேண்டும் என்பது நரைத்த பிறகும் தீராத ஆசை. மாலை போட்டு, பட்டாசு வெடித்து அனுப்பினோம்.

கப்பல் ஏறும் முன் கம்பெனியின் செம்பூர் அலுவலகத்தில் சோதனை. பூச்சி புழு நுழையாதபடி கண்ணாடி போட்டு அடைத்த அறை. அதிகாரி வைத்தீஸ்வரன் மாட்டுங்காக்காரர், விலங்கியலில் டாக்டர் பட்டம்.

"பையில ஜீவராசி ஏதாவது இருக்கா ஓய்? எறும்பு இருந்தாக்கூட கப்பல் கிடையாது."

"ஒண்ணுமில்ல சார். துணிமணியும் கருவாட்டுப் பொடியுந்தான்."

'இச் இச் இச்' என்றது பல்லி.

"பாத்தேளா, பல்லியே சொல்லிடுத்து! கிருஷ்ணா, கிருஷ்ணா" என்று மேஜையில் விரலால் தட்டினார் டாக்டர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரரான சிங்கராயரும் கூடவே தட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது, அந்த அறைக்குள் பல்லி ஏது?

பையைக் கவிழ்த்தார்கள். லுங்கி மடிப்பிலிருந்து கொழுத்த தாராவிப் பல்லி ஒன்று சாவகாசமாக இறங்கியது. அது தீவுக்குப் போயிருந்தால் பச்சைப் பல்லியின் பாடு திண்டாட்டம்தான்.

கப்பல் அவரில்லாமல் போனது. சிங்கராயர் வாய்விட்டு அழுதார். எங்களுக்கும் வருத்தம்தான், பட்டாசு வேறு வீண்.

"எலி அங்க எப்படிப் போச்சுன்னு இப்பதான் சார் வெளங்குது" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னைய மாதிரி எவனோ ஒருத்தன், ஒண்ணுமில்லன்னு சொல்லியிருப்பான்."

அந்த வார்த்தைக்காகவே வைத்தீஸ்வரன் அவரைப் பை சோதிக்கும் வேலையில் வைத்துக்கொண்டார். தீவை அவர் இன்றுவரை பார்க்கவில்லை. யாராவது "ஒண்ணுமில்ல" என்றால் உடனே பையைத் தொடமாட்டார். பையின் பக்கம் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பார். அதற்குப் பிறகு தலைகீழாகக் கொட்டுவார்.