இரண்டு நெற்றிகளில் ஊற்றியவர்

பிலோமினா அன்ரி காலமாகிவிட்டார் என்று அண்ணா தொலைபேசியில் சொன்னபோது நான் மன்னார் பஸ் நிலையத்தில் நின்றேன். முதல்நாள்தான் அவனுடைய சைக்கிள் சீற்றில் பசை பூசியிருந்தேன். பழிவாங்குகிறான் என்று நினைத்து, "நடிப்புக் காணாது, இன்னும் கொஞ்சம் அழு" என்றேன். அவன் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற சிநேகிதிகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "போடி, போன மாதம் பள்ளிக்கூட அதிபரையே சாகடிச்சனி" என்று சிரித்தார்கள். நம்பவைக்க எனக்கு வழி தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்துவிட்டேன்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கும் உங்களுக்கு அவரைக் கோயில் பீடத்துக்குப் பூ வைப்பவராகத் தெரியும். கருவாடு காயவைக்கும் வாடியில் எல்லாருடைய குரலுக்கும் மேலாகக் கேட்கும் குரலாகத் தெரியும். எனக்கு அவர் ஞானத்தாய். அத்தோடு, எனக்கு ஞானஸ்நானம் தந்தவரும் அவர்தான், குருவானவர் அல்ல. யுத்தத்தின் கடைசி மாதங்களில், இந்தக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து போன இடத்தில், ஒரு பங்கர் குழிக்குள் நான் பிறந்தேன். மூச்சு ஒழுங்காக வரவில்லையாம். சாகப்போகிற பிள்ளைக்குக் குருவானவர் இல்லாத இடத்தில் யாரும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது தெரிந்த ஒரே ஆள் அங்கே அன்ரிதான். ஊற்றினார். நான் சாகவில்லை. பதினாறு வருடமாக ஊரே அதற்கு வருந்துகிறது.

என் குறும்புகளுக்கு அசராத ஒரே ஆளும் அவர்தான். ஒரு பின்னேரம் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்துக்கொண்டு அடிபெருத்த பெருக்க மரத்தடியில் நின்று ஊளையிட்டேன். வாடிப் பெண்கள் எல்லோரும் ஓடினார்கள். அன்ரி மட்டும் நேரே நடந்து வந்தார்.

"இயேசுவின்ர பேரால சொல்லுறன், போ!"

"எங்க போறது?" என்றேன் பேய்க்குரலில்.

"வீட்ட போ. கொம்மா தேடுறா. போய் அந்த விரிப்பைத் தோச்சுப் போடு."

அன்று கூடவே நடந்து வரும்போது, பயமில்லையா என்று கேட்டேன். "ஞானஸ்நானம் எடுத்த எங்களுக்குப் பேயை அதட்ட அதிகாரம் இருக்கடி. ஆனா மேல இருக்கிறவருக்குப் பணியாத ஆளின்ர அதட்டலை நாய்கூடக் கேளாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேய்க்கு ஆர் பயம். ராவில அழுற பிள்ளையளுக்குத்தான் எனக்குப் பயம்" என்றார். அவருடைய மகன் அன்ரன் ஏழு மாதக் குழந்தையாக அதே யுத்தத்தில் இறந்தது எனக்குத் தெரியும்.

பெரிய வெள்ளியில் கோயில் வளவில் கஞ்சி ஊற்றுவதும் அவர்தான். ஆனால் ஒரு வாய் குடிக்கமாட்டார். "என்ன அன்ரி, உங்கட சமையலில உங்களுக்கே விசுவாசம் இல்லையோ?" என்று ஒருமுறை கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அகப்பையால் அடிக்க வருவார் என்று ஒதுங்கி நின்றேன். வரவில்லை.

போன வருடம் உறுதிபூசுதல் வகுப்பு. ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தண்ணீர் மட்டும் வேண்டும் என்று பங்குத்தந்தை படிப்பித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருப்பேனா?

"ஃபாதர், சோடா ஊத்தினா?"

"செல்லாது."

"தேத்தண்ணி?"

"செல்லாது."

"கஞ்சி ஊத்தினா, ஃபாதர்? நோன்புக்கும் உதவும்."

"அதுவும் செல்லாது. இரு கீழ."

வகுப்பே குலுங்கியது. பின்னால் பூச்சாடி துடைத்துக்கொண்டிருந்த அன்ரி சாடியை நிலத்தில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்தநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையிடம் போனார். "இவளுக்கு ஊத்தினது என்னெண்டு எனக்குத் தெரியாது, ஃபாதர்."

"தண்ணி எண்டுதானே இவ்வளவு காலமும் சொன்னனீங்கள்?"

"இருட்டுக்குள்ள ஒரு போத்தல் கைக்கு வந்தது. ஊத்தினன். பிறகு விரல் ஒட்டினது. கஞ்சியோ, கஞ்சிப் போத்தலுக்குள்ள விட்ட தண்ணியோ. நாக்கில வச்சுப் பாக்கப் பயந்து சீலையில துடைச்சிட்டன்."

"பரவாயில்லை அம்மா. சந்தேகம் எண்டா நிபந்தனையோட திரும்ப ஊத்தலாம். பிள்ளை உயிரோட நிக்குதுதானே."

"மற்றப் பிள்ளை நிக்கேல்லையே, ஃபாதர்."

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதே இரவு, அதே போத்தலிலிருந்து, இடப்பெயர்வில் ஞானஸ்நானம் தள்ளிப்போய், காயப்பட்டுக் கிடந்த அன்ரனின் நெற்றியிலும் ஊற்றியிருக்கிறார். விடியமுன் அவன் போய்விட்டான்.

பங்குத்தந்தை தன் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "தண்ணிக்குக் கட்டுப்பட்டது நாங்கள், அம்மா. ஆண்டவர் கட்டுப்பட்டவரில்லை. அவனை அவர் விடமாட்டார்."

"அது எனக்கும் தெரியும், ஃபாதர். தெரியிறது வேற, நித்திரை வாறது வேற."

எனக்குத் திரும்ப ஊற்ற வேண்டாம் என்று நான் கத்தினேன். நீங்கள் ஊற்றியது தண்ணீர்தான், எனக்கும் செல்லும், அவனுக்கும் செல்லும் என்றேன். நான் தலை குனிந்தால் அன்ரனுக்கு ஊற்றியதும் சந்தேகம் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும் அல்லவா?

அன்ரி என் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார். "அடியே, அண்டைக்கு ஊத்த எனக்கு அதிகாரம் தந்தவர்தான் இண்டைக்குக் குனியச் சொல்லுறார். ஊத்தேக்க மட்டும் அவற்ற பிள்ளை, குனியேக்க என்ர இஷ்டமோ? நான் குனிஞ்சிட்டன். நீயும் குனி."

குனிந்தேன். ஒரு சனிக்கிழமை, ஆளில்லாத கோயிலில், ஞானத்தாய்க்குரிய இடத்தில் நின்று என் தோளைப் பிடித்திருந்தார். "நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று பங்குத்தந்தை தொடங்கியபோது அன்ரியின் நகம் என் சட்டைக்கு மேலாகத் தோலில் இறங்கியது. காதுக்குள் தண்ணீர் போயிற்று. முடிந்ததும் சீலைத் தலைப்பால் என் தலையைத் துவட்டி, "இப்ப நீ நிச்சயம்" என்றார்.

வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அன்ரி ஒருநாள் கேட்டார். "அன்ரன் அங்க நிப்பானோ?"

"நிப்பான்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

பள்ளிக்கூடச் சோதனைக்குப் போகும் நாட்களில் அவர் எனக்குச் செய்வதுபோல, பெருவிரலால் அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டேன்.

"ஆர் உனக்கு அதிகாரம் தந்தது?"

"நீங்கள்தான். சந்தேகம் எண்டு சொல்லி ரெண்டாந்தரமும் தந்தனீங்கள்."

சிரித்தார். ஆனால் அவருடைய கண் என்னிடம் இல்லை. கதவடியில், ஒரு சின்னப் பிள்ளையின் தலை வரும் இடுப்பளவு உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இப்போதும் கதவுகளைக் கடக்கும்போது அந்த உயரத்தில் என் பார்வை போய் நிற்கிறது.

சேமக்காலையில் பெட்டியை இறக்கியபின் தீர்த்தம் தெளிக்கும் முறை எனக்கும் வந்தது. ஒருதரம் அவருக்குத் தெளித்தேன். பிறகு, குழிக்குப் பக்கத்திலிருந்த வெறும் மணலில் இன்னொருதரம். அன்ரனுக்கு எங்கேயும் கல்லறை இல்லை. பங்குத்தந்தை கண்டார். வாளியை அடுத்தவரிடம் கொடுக்கும்படி கண்ணைக் காட்டினார். கொடுத்தேன்.

அன்ரியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவனுடைய பெயர்தான். அதைச் சொல்லிச் செபிக்க அவருடைய வீட்டில் வேறு ஆளில்லை. அவன் அங்கே நிற்கிறானா என்று எனக்குத் தெரியாது. இறந்தவர்களுக்காகச் செபிக்கச் சொல்லியிருக்கிறது, செபிக்கிறேன்.